எல்லை நகர்ந்த சமவெளி

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் லாரி ஓட்டுநர்கள் தொப்பூர் கணவாயைத் தாண்டும்வரை பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். சாலை சரிந்துகொண்டே போகும். பாரம் பின்னாலிருந்து தள்ளும். பிரேக் சூடேறி வண்டி கைமீறிப்போன விபத்துகள் அங்கே ஏராளம்.

இதே கணவாயை நினைத்து இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு படைத்தளபதிகளும் தூக்கம் கெட்டார்கள். 1790 நவம்பரில் திப்பு சுல்தான் மைசூரிலிருந்து, இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமான பாராமகாலுக்குள் வந்தார். அவரை மடக்குவதற்காக ஆங்கிலேயத் தளபதிகளான ஜெனரல் மெடோஸின் படையும் கர்னல் மேக்ஸ்வெல்லின் படையும் தொப்பூருக்கு வடக்கே ஒன்றுசேர்ந்தன. ஆனால் இரண்டு படைகளுக்கும் பிடிகொடுக்காமல் திப்பு கணவாயைக் கடந்து தெற்கே இறங்கிவிட்டார். அடுத்த சில நாட்களில் அவருடைய குதிரைப்படை திருச்சிப் பக்கம் போய் நின்றது. தொப்பூர் யாருக்கு வழிவிட்டதோ அவருக்குச் சேலமும் நாமக்கல்லும் திறந்துகிடந்த காலம் அது.

இன்று தமிழ்நாட்டின் நடுவே, எந்த எல்லைக்கும் தொலைவில் இருப்பதாகத் தோன்றும் இந்தச் சமவெளி, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் இரண்டு அரசுகளின் எல்லைப் பூமியாக இருந்தது. ஒரு பக்கம் மைசூர். மறுபக்கம் முதலில் மதுரை நாயக்கர்கள், பிறகு ஆர்க்காட்டு நவாபு, கடைசியில் கும்பினி என்று ஊரார் அழைத்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி. நடுவில் எல்லை ஒருமுறை கணவாயில் நின்றது, ஒருமுறை காவிரியில் நின்றது, சில சமயம் ஒவ்வொரு கோட்டை வாசலிலும் நின்றது.

இதைப் புரிந்துகொள்ள நிலத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொப்பூர் ஏறினால் தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம். அங்கே உயரம் 450, 500 மீட்டரைத் தொடும். அதற்கும் மேலே ராயக்கோட்டை வழியாக ஏறினால் ஓசூர், தேன்கனிக்கோட்டை; உயரம் 900 மீட்டரை நெருங்கும். வீட்டுத் திண்ணைக்கு ஏறும் படிகள் போல மூன்று அடுக்கு. மேல் அடுக்கைப் பாலாகாட் என்றும், நடு அடுக்கைப் பாராமகால் என்றும், சேலம், ஓமலூர், சங்ககிரி, ராசிபுரம், நாமக்கல், பரமத்தி அடங்கிய கீழ் அடுக்கைத் தாலாகாட் என்றும் அன்றைய வருவாய்க் கணக்குகள் குறித்தன. மைசூரிலிருந்து கீழே இறங்க வழிகள் சில மட்டுமே. ராயக்கோட்டை, தொப்பூர் வழி ஒன்று. கொள்ளேகால் பக்கமிருந்து காவிரிபுரத்துக்கு இறங்கும் வழி ஒன்று. சத்தியமங்கலத்துக்கு வடக்கே கஜலட்டிக் கணவாய் இன்னொன்று. கிழக்கே சேலத்திலிருந்து கடலோரச் சமவெளிக்குப் போக ஆத்தூர்க் கணவாய். இவற்றைக் காக்கவே சங்ககிரி, நாமக்கல், ஆத்தூர், ஓமலூர், காவிரிபுரம் என்று கோட்டைகள் எழுந்தன.

மைசூர் என்ற பெயர் அரசியலில் அடிபடுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வட்டாரம் எல்லையாகத்தான் வரலாற்றில் நுழைகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் வெட்டிய கல்வெட்டுகள், தம் ஆட்சிக்கு அப்பால் எல்லையில் இருப்பவர்கள் என்று சோழரையும் பாண்டியரையும் கேரளபுத்திரரையும் சொல்லும்போது, சத்தியபுத்திரரையும் சேர்த்துச் சொல்கின்றன. அவர்கள் யார் என்ற வாதம் நெடுநாள் நடந்தது. 1981-இல் திருக்கோவிலூர் வட்டத்து ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் என்றே குறிப்பிட்டதும் அந்த வாதம் பெரும்பாலும் அடங்கியது. அதியமானின் தலைநகர் தகடூர், இன்றைய தர்மபுரி. அவர் மரபினரின் பெயர் நாமக்கல் மலையிலும் இருக்கிறது. ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் குடைவரைக்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய கல்வெட்டு பெயர் சொல்கிறது. கொங்கு நாட்டின் வட எல்லையாகத் தர்மபுரி மாவட்டத்துப் பெரும்பாலையைச் சொல்வது மரபு. தர்மபுரி, செங்கம் வட்டாரங்களில் நிற்கும் நடுகற்களில் பெரும்பாலானவை மாடு பிடிக்க வந்தவர்களோடும் மாடு மீட்கப் போனவர்களோடும் தொடர்புள்ளவை. பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சாளர் என்று எத்தனை கொடிகள் மாறினாலும் எல்லைக் கிராமத்தவன் மாட்டைக் காக்கச் செத்தான் என்பதைத்தான் அந்தக் கற்கள் சொல்கின்றன.

மைசூர் எல்லையின் கதை பதினேழாம் நூற்றாண்டில் சூடுபிடிக்கிறது. அப்போது சேலத்துக்கு மேற்கே தாரமங்கலத்தையும் அமரகுந்தியையும் மையமாகக் கொண்டு ஆண்டவர்கள் கட்டி முதலிகள். மதுரை நாயக்கர்களுக்கு அடங்கிய பாளையக்காரர்கள் என்று பெயர் இருந்தாலும், காவிரிபுரத்திலிருந்து சங்ககிரி வரை அவர்கள் சொல்தான் சட்டம். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் செல்வம் எத்தகையது என்று சொல்லத் தேவையில்லை. மைசூருக்கும் மதுரைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்ததால் அந்தச் செல்வம் ஆபத்தாகவும் ஆயிற்று. 1640-களில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையார் காவிரியோரத்தில் அவர்களுடைய இடங்களைப் பறிக்கத் தொடங்கினார்.

திருமலை நாயக்கரின் கடைசி ஆண்டுகளில் நடந்த மூக்கறுப்புப் போரைப் பற்றித் தமிழர் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். சத்தியமங்கலம் வழியாக மதுரை நோக்கிப் போன மைசூர்ப் படை, எதிர்ப்பட்டவர்களின் மூக்கையும் மேலுதட்டையும் அறுத்து மூட்டை கட்டி அனுப்பியது. பிறகு மதுரைப் படை மைசூருக்குள் புகுந்து அதையே செய்தது. அந்தக் காலத்தில் இங்கே இருந்த ஏசு சபைப் பாதிரிகள் தங்கள் கடிதங்களில் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். மன்னர்களின் வீரக்கதையாகவே இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. மூக்கை இழந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், பிறகு எப்படிப் பிழைத்தார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. படை கடந்துபோன பாதையில் வீடு இருந்ததுதான் அவர்களில் பெரும்பாலோர் செய்த குற்றம்.

1667-இல் ஈரோடு மைசூர் வசம் போயிற்று. அதன்பிறகு மைசூரில் அரியணை ஏறிய சிக்க தேவராஜ உடையார் 1673 முதல் 1704 வரை ஆண்டார். 1688-க்கும் 1690-க்கும் இடையில் தர்மபுரி, ஓமலூர், பரமத்தி, ஆத்தூர் என்று அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டதில், இன்றைய சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பெரும்பகுதி மைசூருக்குள் அடங்கியது. எல்லை தொப்பூரிலிருந்து கிழக்கே ஆத்தூருக்கும் தெற்கே காவிரிக்கும் நகர்ந்தது. அந்த நாளிலிருந்து நூறு ஆண்டுகள் நாமக்கல் விவசாயி கட்டிய வரி கணவாய் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனது.

அவர் காலத்து இன்னொரு நிகழ்ச்சி இன்றைய வாசகருக்குப் பழகியதாகத் தோன்றும். காவிரியில் சிக்க தேவராஜர் ஓர் அணை எழுப்பினார். கீழே தண்ணீர் வற்றியது. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளும் தஞ்சை மராட்டிய மன்னர் சாகஜியும் மற்றப் பகைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அணையை உடைக்கச் சேர்ந்து படை திரட்டினார்கள். அதற்குள் பெருமழை பெய்து காவிரி தானாகவே அணையை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று மதுரை நாயக்கர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆண்டு ஏறத்தாழ 1701. மேலே இருப்பவர் தேக்குவதும் கீழே இருப்பவர் தவிப்பதும் இருபதாம் நூற்றாண்டில் பிறந்த சண்டை இல்லை.

நூறு ஆண்டு மைசூர் ஆட்சி இங்கே வெறும் வரிவசூலாக மட்டும் இருந்துவிடவில்லை. சேலத்தில் திருமணிமுத்தாற்றங்கரையில் கோட்டை என்று இன்றும் ஒரு பகுதியை அழைக்கிறார்கள். சுவர் போய்விட்டது, கோட்டை மாரியம்மன் இருக்கிறாள், அழகிரிநாதர் இருக்கிறார், திப்பு காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜாமியா மசூதியும் இருக்கிறது. வீட்டில் கன்னடம் பேசும் தேவாங்கர் குடும்பங்கள் சேலத்தின் தறிகளோடு பிரிக்க முடியாமல் கலந்துவிட்டவை. தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறவர்கள் ஓசூரில் தொடங்கிச் சேலம் வரை எல்லா அடுக்கிலும் இருக்கிறார்கள். எல்லை இங்கே ஒருநாளும் மொழியைப் பார்த்து நிற்கவில்லை.

1761-இல் மைசூரின் அதிகாரம் முழுக்க ஐதர் அலியின் கைக்கு வந்தது. 1767-இல் அவருக்கும் கும்பினிக்கும் முதல் போர் மூண்டது. அடுத்த ஆண்டின் முதல் பாதியில் கர்னல் உட் என்பவர் தர்மபுரி, சேலம், ஆத்தூர், நாமக்கல், ஈரோடு, கோயம்புத்தூர், திண்டுக்கல் என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டே போனார். சென்னையில் இருந்தவர்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் உட் செய்தது பெரும் பிழை. பிடித்த ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு சிறு காவலை விட்டுவிட்டுப் போனார்; கணவாய்களை உறுதியாக அடைக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் ஐதரின் தளபதி பஸ்லுல்லாகான் கஜலட்டி வழியாகவும், ஐதர் தாமே பாராமகால் வழியாகவும் இறங்கினார்கள். உட் ஆறு மாதத்தில் பிடித்தவை சில வாரங்களில் ஒவ்வொன்றாக விழுந்தன. ஈரோட்டுக்கு அருகே நிக்சன் என்ற கேப்டனின் பிரிவு ஏறத்தாழ முழுவதுமாக அழிந்தது. 1769-இல் ஐதர் சென்னை நகர வாசலிலேயே வந்து நின்று உடன்படிக்கை செய்துகொண்டார். பிடித்ததை ஒருவருக்கொருவர் திருப்பித் தருவது என்பது அதன் சாரம். சேலமும் நாமக்கல்லும் மைசூரிலேயே நீடித்தன.

ஓர் ஆண்டுக்குள் நாமக்கல்லில் கொடி இரண்டு முறை மாறியிருக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாமக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊரின் நடுவே எழும்பி நிற்கும் ஒற்றைப் பாறை அது. உச்சியில் இருப்பவர் சுற்றிலும் வெகுதூரம் பார்க்கலாம். ஆனால் மேலே இருக்கும் காவலுக்கு அரிசி கீழேயிருந்துதான் போக வேண்டும். கொடி மாறும் ஒவ்வொரு முறையும் நெல்லும் கம்பும் வைக்கோலும் வண்டி மாடும் கேட்டு வந்தவர்கள் மாறினார்களே தவிர, கொடுத்தவர்கள் கமலாலயக் குளத்தைச் சுற்றியிருந்த அதே குடியானவர்கள். முதல் படைக்குக் கொடுத்தவனை இரண்டாம் படை துரோகி என்றது. எல்லைக் கிராமங்களின் வரலாறு எந்த நாட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் நடுவே அல்சாஸ் மக்கள் 1871-க்கும் 1945-க்கும் இடையில் நான்கு முறை நாடு மாறியதை ஐரோப்பியர் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நாமக்கல்லைப் பற்றி நாம் எழுதியது கொஞ்சம்.

இரண்டாம் மைசூர்ப் போர் 1784-இல் மங்களூர் உடன்படிக்கையோடு முடிந்தது. சமவெளி ஐதரின் மகன் திப்புவிடமே இருந்தது. மூன்றாம் போர்தான் கணக்கை மாற்றியது. 1790-இல் தொடங்கிய அந்தப் போரில் கும்பினியோடு மராட்டியரும் நிஜாமும் சேர்ந்துகொண்டார்கள். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் நேரடியாகப் படை நடத்தினார். 1791 ஜூலையில் ராயக்கோட்டை விழுந்தது. கிருஷ்ணகிரியைத் தாக்கிய மேக்ஸ்வெல் மலையேற முடியாமல் திரும்பினார். அந்தக் கோட்டையைக் கும்பினி போரில் பிடிக்கவில்லை, பேச்சுவார்த்தையில்தான் பெற்றது.

1792 மார்ச் 18-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை முடிவானது. திப்பு தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர வேண்டும். பணம் கட்டி முடியும்வரை இரண்டு மகன்கள் பிணை. ‘பாதி நாடு’ என்பதை எப்படி அளந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். பரப்பை அளக்கவில்லை. மலையையோ ஆற்றையோ பிரிவினைக் கோடாக வைக்கவில்லை. பேசும் மொழியை யாரும் கேட்கவில்லை. திப்புவின் கச்சேரிக் கணக்கை வரவழைத்து, எந்தத் தாலுகாவில் எவ்வளவு வரி வருகிறது என்று பார்த்து, வருமானத்தில் பாதி வரும்வரை தாலுகாக்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். உடன்படிக்கையின் இணைப்பில் சேலம், நாமக்கல், சங்ககிரி, பரமத்தி, சேந்தமங்கலம், ஓமலூர், ஆத்தூர், காவிரிபுரம் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வராகன் தொகை. அந்தப் பட்டியல்தான் எல்லை. கடைக் கணக்கைப் பிரிப்பது போல ஒரு நாட்டைப் பிரித்த ஆவணம் அது. அதில் இருந்த ஒரு தாலுகாவின் மக்களுக்கும் அந்தச் செய்தி முன்கூட்டித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வரிக்கணக்கால் பிடித்த நாட்டுக்கு வரி தெரிந்தவர் வேண்டும். காரன்வாலிஸ் அனுப்பியவர் அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரி. போரின்போது ஆம்பூரில் இருந்துகொண்டு உளவு சேகரித்தவர். கணவாய்கள் வழியே பொதிமாடுகளில் தானியம் கொண்டுவந்த லம்பாடி வணிகர்களோடு பேசிப் படைக்கு உணவு சேர்த்தவர். சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழி தெரியாது என்பதால்தான் படையாட்களைத் தேர்ந்தெடுத்தார் காரன்வாலிஸ். ரீடுக்கு மூன்று உதவியாளர்கள்: கிரகாம், மெக்லியாட், தாமஸ் மன்றோ. மன்றோ தர்மபுரியில் இருந்தார்.

இந்த நால்வரும் ஏழு ஆண்டுகளில் செய்த வேலை தென்னிந்தியாவின் நிலவரலாற்றையே மாற்றியது. நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள். முப்பத்துமூன்று அடிச் சதுரம் ஒரு குண்டா, நாற்பது குண்டா ஒரு ஏக்கர் என்பது கணக்கு. நன்செய், புன்செய், தோட்டம் என்று தரம் பிரித்தார்கள். ஊருக்கு மொத்தமாக வரி போட்டுக் கவுண்டரோ மணியக்காரரோ பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று விடாமல், உழுகிறவர் பெயரிலேயே வரியை எழுதினார்கள். 1796 டிசம்பர் 10-இல் ரீட் வெளியிட்ட அறிவிப்பு, ஒவ்வோர் ஆண்டும் தான் உழும் நிலத்துக்கு மட்டும் குடியானவர் வரி கட்டலாம், வேண்டாத நிலத்தை விட்டுவிடலாம் என்று சொன்னது. இதுதான் ரயத்துவாரி முறையின் தொடக்கம். பின்னாளில் சென்னையின் கவர்னரான மன்றோ 1820-இல் அதை மாகாணம் முழுவதற்கும் விரித்தார். இன்றும் தாலுகா அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் மனுவோடு வரிசையில் நிற்பவர்கள், அந்த எல்லை மாற்றத்தின் விளைவில்தான் நிற்கிறார்கள்.

ரீடையும் மன்றோவையும் புகழ்ந்து எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. முழுப் புகழுக்கும் அவர்கள் உரியவர்களா என்பது வேறு. அவர்கள் போட்ட வரி கடுமையானது. மொத்த விளைச்சலில் ஏறக்குறையப் பாதியை எட்டும் அளவுக்கு இருந்தது. வரி அதிகம் என்பதை மன்றோவே பின்னர் உணர்ந்து, கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் கலெக்டராக இருந்தபோது 1807-இல் நான்கில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லி எழுதினார். அதற்குள் சேலத்தில் இன்னொரு சோதனை நடந்துவிட்டது. 1802-க்குப் பிறகு சில ஆண்டுகளில் மாவட்டத்தை மிட்டாக்களாகத் துண்டுபோட்டு ஏலம் விட்டார்கள். ஏலத்தொகையைக் கட்ட முடியாமல் மிட்டாதாரர்கள் பலர் நொடித்துப்போக, மிட்டாக்களில் பல அரசிடமே திரும்பின. தப்பிப் பிழைத்த மிட்டாக்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே ஒழிந்தன. எல்லை மாறினால் முதலில் மாறுவது வரி என்பதைச் சேலம் போலப் பாடுபட்டுக் கற்ற மாவட்டம் தமிழ்நாட்டில் வேறில்லை.

1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் திப்பு போரிட்டு மாண்டார். மைசூர் மீண்டும் உடையார் குடும்பத்தின் பெயருக்கு வந்தது. ஆனால் கும்பினியின் பிடிக்குள் இருக்கும் சமஸ்தானமாக. அந்தப் பங்கீட்டில் மேல் அடுக்கிலிருந்த ஓசூர் வட்டாரமும் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. எல்லை முதல்முறையாகக் கணவாயைத் தாண்டிப் பீடபூமியின் மேல் ஏறி நின்றது. 1878-இல் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சேலம் மாவட்டத்துக்காரராகப் பிறந்ததற்குக் காரணம் இந்த 1799 பங்கீடு.

எல்லை போனாலும் எதிர்ப்பு உடனே அடங்கவில்லை. திப்புவின் பக்கம் நின்று போராடிய தீரன் சின்னமலையைக் கும்பினி பிடித்து 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டது. மைசூருக்கு எடுத்துச் செல்லப்பட்ட வரிப்பணத்தை இளமையில் அவர் மறித்துப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்ற கதை கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு சொல்லப்படுகிறது. மைசூருக்கு வரி போவதை மறித்தவர், பிறகு மைசூரோடு சேர்ந்து கும்பினியை எதிர்த்தார். முரண்பாடு போலத் தோன்றினாலும் எல்லைப் பூமியில் பிறந்தவருக்கு இது இயல்பான நடை. எந்தப் பக்கத்து ஆட்சி கழுத்தை நெரிக்கிறதோ அதை எதிர்ப்பது. ஆடிப் பதினெட்டில் சங்ககிரிக்குப் போகிறவர்கள் வணங்குவது அதைத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு பக்கமும் ஆங்கிலேயர் கை ஓங்கியிருந்ததால் படை நடமாட்டம் நின்றது. கணவாய்களில் சுங்கம் மட்டும் நெடுநாள் தொடர்ந்தது; மாகாணத்துக்குள் சரக்குக்கு வாங்கிய உள்நாட்டுச் சுங்கம் 1844-இல்தான் ஒழிந்தது. அதன்பிறகு எல்லையின் சண்டை முழுக்கத் தண்ணீருக்கு மாறியது.

1892 பிப்ரவரி 18-இல் மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் ஓர் ஒப்பந்தம் செய்தன. மைசூர் குறிப்பிட்ட ஆறுகளில் புதிதாக அணை கட்ட வேண்டுமானால் சென்னையைக் கேட்க வேண்டும் என்றது அது. சமஸ்தானமாக இருந்த மைசூரால் சமமாக அமர்ந்து பேரம் பேச முடியவில்லை என்று கர்நாடகத்தவர் இன்றுவரை சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. தஞ்சையின் வயல்கள் பல நூறு ஆண்டுகளாகக் காவிரியை நம்பி விளைந்தவை என்று தமிழ்நாடு சொல்வதும் உண்மை. கண்ணம்பாடி அணை தொடர்பான தகராறு நெடுநாள் இழுத்து, 1924 பிப்ரவரி 18-இல் இரண்டாம் ஒப்பந்தம் வந்தது. மைசூருக்குக் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகர், சென்னைக்கு மேட்டூர் என்று ஏற்பாடு. 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. 120 அடி நீர்மட்டத்தில் 93.47 டி.எம்.சி. கொள்ளளவு.

காவிரிபுரம் வட்டாரம் அந்த நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது. மைசூர்ப் படைகள் இறங்கிவந்த பழைய பாதையின் ஒரு பகுதியும் பல ஊர்களும் தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் கோடைகளில் பண்ணவாடிப் பரிசல் துறைப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும். செய்தித்தாள்களில் படம் வரும். எல்லைச் சண்டைகளுக்காக இடம்பெயர்ந்தவர்களின் கணக்கில் இந்த ஊர்க்காரர்களையும் சேர்க்க வேண்டும்.

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் இந்த எல்லையில் முதன்முறையாக மொழியைக் கேட்டார்கள். கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் தாலுகா மைசூருக்குப் போனது. மூன்று மொழி கலந்த ஓசூர் இந்தப் பக்கமே இருந்தது. அதைத் தவிர, வராகன் பட்டியலும் 1799 பங்கீடும் போட்ட கோட்டின் பெரும்பகுதிதான் சேலத்துக்கு வடக்கே இன்றைய மாநில எல்லை. பிறகு பழைய சேலம் மாவட்டமே பிரிந்தது: 1965-இல் தர்மபுரி, 1997-இல் நாமக்கல், 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி. எல்லை மாவட்டம் என்ற பெயர் கிருஷ்ணகிரிக்குப் போனதும் சேலத்துக்காரர்களே தங்கள் ஊர் எல்லையாக இருந்ததை மறந்துவிட்டார்கள்.

மறக்க முடியாதவர்கள் சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்கள். நாமக்கல் முட்டையும் சேலத்து ஜவ்வரிசியும் ஓசூரைக் கடந்து ஜூஜூவாடி வழியாகப் போகின்றன. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவரிச் சோதனைச் சாவடியின் கெடுபிடி தீர்ந்தது. ஆனால் காவிரிச் செய்தி சூடாகும் நாளில் எல்லை திரும்பிவரும். 1991 டிசம்பரில் கர்நாடகத்தில் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. அப்படிப்பட்ட நாட்களில் லாரிகள் ஓசூரிலேயே வரிசையாக நின்றுவிடும். தண்ணீர்த் தீர்ப்புக்கும் ஜவ்வரிசி மூட்டைக்கும் ஒரு தொடர்பும் இல்லை; நின்றுபோன நாட்களின் வாடகை மட்டும் ஓட்டுநருடைய நட்டம்.

1924 ஒப்பந்தத்தின் சில பகுதிகளை ஐம்பது ஆண்டு கழித்து மறுபடி பேசலாம் என்று அன்றே எழுதியிருந்தார்கள். அந்த ஐம்பது ஆண்டு 1974-இல் முடிந்ததும் தொடங்கிய வழக்கு, 1990-இல் அமைந்த நடுவர் மன்றத்தின் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. இன்று கிருஷ்ணகிரி மாவட்ட வனப்பகுதியில் பிலிகுண்டுலு என்ற இடத்தில், மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையத்தில் காவிரியின் நீர்வரத்தைக் குறிக்கிறார்கள். நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பு அந்த இடத்தில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. வர வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 டி.எம்.சி. ஆக்கியது.

சேலம், நாமக்கல் பள்ளிகள் மாணவர்களைச் சுற்றுலா என்று ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் அழைத்துப் போகின்றன. ஓர் ஆண்டாவது சங்ககிரிக் கோட்டைக்கும், ஆத்தூரில் வசிஷ்ட நதிக்கரைக் கோட்டைக்கும், தாரமங்கலத்துக்கும், மேட்டூருக்கும் ஒரே சுற்றாக அழைத்துப்போய், இந்த ஊர்கள் எப்படி எல்லையாயின, அந்த எல்லைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான்கு இடங்களுமே சேலத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன.